சிறுநீர் நன்றாகத்தான் போகிறது, பிறகு சிறுநீரகம் எப்படிக் கெட்டது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 56. பதினைந்து வருடமாகச் சர்க்கரை நோய். கொஞ்ச நாளாக ஒரே அசதி. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது, இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். பரிசோதனையில் கிரியேட்டினின் 2.6, ஹீமோகுளோபின் 8.4, பாஸ்பரஸ் 5.8, பைகார்பனேட் 17, பாராதைராய்டு ஹார்மோனும் அதிகம். பிரஷர் 160/100. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லி, டாக்டர் டெல்மிசார்டான், சோடா மாத்திரை, கால்சிட்ரியால், சாப்பாட்டோடு விழுங்க பாஸ்பரஸைக் குறைக்கும் ஒரு மாத்திரை, இரும்புச்சத்து, ரத்தம் ஊறுவதற்கு ஓர் ஊசி என எழுதியிருக்கிறார். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு, இன்சுலினையும் குறைத்துவிட்டார். நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கழிவுநீக்க மண்டலம் என்றால் சிறுநீரகம், ரத்தம் என்றால் எலும்பு மஜ்ஜை என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அப்பாவுக்குச் சிறுநீர் தாராளமாகப் போகிறது. பிறகு எப்படிச் சிறுநீரகம் கெட்டிருக்கும்? சிறுநீரகத்துக்குப் போனால் எலும்புக்கும் ரத்தத்துக்கும் ஏன் மருந்து? "தேவையில்லாமல் எழுதுகிறார், டாக்டரை மாற்று" என்கிறார் சித்தப்பா. இளநீரும் வாழைத்தண்டுச் சாறும் தினமும் கொடுக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்வது?

பதில்: சகோதரிக்கு வணக்கம். முதலில் சித்தப்பாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் மருந்துகளையும் பரிசோதனை எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். தேவையில்லாத மருந்து ஒன்றுகூட இல்லை. ஆறு வியாதிக்கு ஆறு மருந்து என்று நினைக்காதீர்கள். எல்லாமே சிறுநீரகம் என்ற ஓர் உறுப்பு செய்து வந்த வேலைகளை வெளியிலிருந்து செய்து கொடுக்கும் மருந்துகள். டாக்டரை மாற்ற வேண்டாம். இளநீரையும் வாழைத்தண்டுச் சாற்றையும் இன்றைக்கே நிறுத்துங்கள். காரணம் கீழே வருகிறது.

இனி உங்கள் முதல் சந்தேகம். என்னிடம் வரும் குடும்பங்களில் பாதிப்பேர் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

நம் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நேராகச் சிறுநீரகங்களுக்குப் போகிறது. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து 300 கிராம்தான் இருக்கும். அவ்வளவு சின்ன உறுப்புக்கு அவ்வளவு ரத்தம் எதற்கு? சுத்திகரிக்கத்தான். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள். அவை நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லி திரவத்தை வடிகட்டுகின்றன. 24 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் 180 லிட்டர். நாம் வெளியேற்றுவதோ ஒன்றரை லிட்டர். மிச்சம் 99 சதவீதத்துக்கு மேல் தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் திரும்ப ரத்தத்துக்கே போய்விடுகின்றன. சிறுநீரகத்தின் பெரிய வேலை வடிகட்டியதில் எதை, எவ்வளவு திரும்ப எடுத்துக்கொள்வது என்று தீர்மானிப்பது. ஒருவர் ஊறுகாயை நிறையத் தின்றாலும் சரி, நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலும் சரி, ரத்தத்தில் சோடியத்தின் அளவு கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்பது இந்தத் தீர்மானத்தால்தான்.

உங்கள் அப்பாவின் வயதையும் கிரியேட்டினினையும் வைத்துக் கணக்கிட்டால் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 28 மில்லி அளவில் வருகிறது. இதைச் சிறுநீரக நோயின் நான்காம் நிலை என்போம். 28 மில்லி என்றாலும் ஒரு நாளைக்கு 40 லிட்டர் வடிகிறது. அதிலிருந்து இரண்டு லிட்டர் சிறுநீர் வெளியேறுவதற்கு ஒரு தடையும் இல்லை. அதனால்தான் அளவு குறையவில்லை. குறைந்திருப்பது தரம். நல்ல சிறுநீரகம் இரவில் தண்ணீரை மிச்சம் பிடித்து, கழிவை அடர்த்தியாக்கி, கொஞ்சமாக வெளியேற்றும். பழுதானதால் அதைச் செய்ய முடிவதில்லை. பகலிலும் இரவிலும் ஒரே மாதிரித் தண்ணீராக விடுகிறது. அவர் இரவில் நாலைந்து முறை எழுந்ததும் ஒரு அறிகுறிதான். சர்க்கரை ஏறியிருந்தாலும், வயதான ஆண்களுக்கு ப்ராஸ்டேட் வீங்கியிருந்தாலும் இப்படி எழ வேண்டிவரும் என்பதால் வீட்டில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கிரியேட்டினினும் சீக்கிரம் காட்டிக்கொடுக்காது. அது தசையிலிருந்து வரும் கழிவு. வடிகட்டும் திறன் கிட்டத்தட்டப் பாதி போன பிறகுதான் அது லேப் சீட்டில் இருக்கும் எல்லையைத் தாண்டும். ஒல்லியாக, சதைப்பற்று இல்லாமல் இருப்பவர்களுக்கு இன்னும் தாமதமாகும். முதலில் காட்டிக்கொடுப்பது சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதம். சிறுநீர் நுரைத்துக்கொண்டு போய், அந்த நுரை சீக்கிரம் அடங்காமல் நின்றால் சந்தேகப்பட வேண்டும். சர்க்கரை நோயாளிகள் எல்லாரும் வருடத்துக்கு ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் பார்த்தே ஆக வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்லி வருவது இதற்காகத்தான். செலவு அதிகமில்லாத பரிசோதனை அது. பதினைந்து வருடச் சர்க்கரையில் அதை ஒருமுறைகூடப் பார்க்காமல் வருபவர்களைக் காணும்போது மனசு கனத்துப்போகிறது.

அடுத்தது ரத்தம். பாடத்தில் நீங்கள் சொல்லிக் கொடுப்பது சரிதான், சிவப்பணுக்கள் உருவாவது எலும்பு மஜ்ஜையில். ஆனால் மஜ்ஜை தானாக வேலை செய்யாது, அதற்கு உத்தரவு வர வேண்டும். எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோன்தான் அந்த உத்தரவு. வளர்ந்த மனிதர்களுக்கு அதன் பெரும்பகுதி சுரப்பது சிறுநீரகத்தில். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதைச் சிறுநீரகத்தின் புறணியில் இருக்கும் சில செல்கள் உணர்ந்து இதைச் சுரக்கின்றன. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்தான், அதனால் உத்தரவு வந்துகொண்டே இருக்க வேண்டும். சிறுநீரகம் சுருங்கச் சுருங்க ஹார்மோனும் குறையும், மஜ்ஜை நன்றாக இருந்தாலும் சும்மா உட்கார்ந்திருக்கும். உங்கள் அப்பாவின் 8.4 இப்படி வந்ததுதான். பேரீச்சம்பழத்தாலும் பீட்ரூட்டாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

இந்த ஹார்மோனைப் பிரித்தெடுக்க விஞ்ஞானிகள் பட்ட பாட்டை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லலாம். மஜ்ஜை செயலிழந்து ரத்தசோகையில் இருப்பவர்களின் சிறுநீரில் இது அதிகமாக வெளியேறும். ஜப்பானில் தகாஜி மியாகே என்ற மருத்துவர் அப்படிப்பட்ட நோயாளிகளிடமிருந்து 2,550 லிட்டர் சிறுநீரைச் சேகரித்து, உலர்த்தி, சிகாகோவில் இருந்த யூஜீன் கோல்ட்வாசரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவ்வளவிலிருந்தும் கிடைத்த தூய ஹார்மோன் சில மில்லிகிராம்தான். 1977இல் அந்த ஆய்வு வெளியானது. 1985இல் அதன் மரபணுவைப் பிரித்தார்கள், 1989இல் அமெரிக்காவில் ஊசி மருந்தாக அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றுவதைத் தவிரப் பெரிதாக வழியில்லை. அப்படி ஏற்றும்போது உடம்பில் எதிர்ப்பொருள்கள் உருவாகி, பிற்பாடு மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவதே சிக்கலாகிவிடும். உங்கள் டாக்டர் ரத்தம் ஏற்றாமல் ஊசி எழுதியதில் இந்த முன்யோசனையும் இருக்கிறது.

ஊசி போடும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். இரும்புச்சத்து போதாமல் இருந்தால் ஊசி வேலை செய்யாது, அதனால்தான் அந்த மாத்திரை. பிரஷர் கட்டுக்குள் இல்லாதபோது ஊசி போட்டால் அது இன்னும் ஏறும், ஆகவே ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் பிரஷர் பாருங்கள். ஹீமோகுளோபின் 10, 11 வரை வந்தால் போதும். 13, 14 ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டு ஊசியைக் கூட்டச் சொல்லாதீர்கள், பக்கவாத ஆபத்து உண்டு.

எலும்புக்கு வருவோம். உறுப்பு மண்டலங்கள் எப்படி ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதற்கு வைட்டமின் டியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வெயில் பட்டதும் தோலில் அது உருவாகிறது. அந்த நிலையில் அதனால் பயனில்லை. கல்லீரலுக்குப் போய் ஒரு மாற்றம் அடைகிறது, அப்போதும் வேலைக்கு ஆகாது. கடைசி மாற்றம் சிறுநீரகத்தில். அங்கே கால்சிட்ரியாலாக மாறிய பிறகுதான் குடலுக்குப் போய், சாப்பாட்டில் இருக்கும் கால்சியத்தை உறிஞ்ச வைக்கிறது. தோல், கல்லீரல், சிறுநீரகம், குடல், எலும்பு என்று உங்கள் பாடப்புத்தகத்தில் ஐந்து இடத்தில் பிரிந்து கிடப்பது உடம்பில் ஒரே வரிசை. உங்கள் அப்பாவுக்கு மூன்றாவது இடத்தில் அறுந்துவிட்டது. நாள் முழுக்க வெயிலில் நின்றாலும் அந்த இடம் ஒட்டாது. அதனால்தான் கடைசி வடிவமான கால்சிட்ரியாலையே மாத்திரையாகக் கொடுக்கிறார்கள்.

அறுந்ததும் என்ன ஆகிறது? ரத்தத்தில் கால்சியம் குறையப் பார்க்கிறது. சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத பாஸ்பரஸ் ஏறுகிறது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசியளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. கால்சியம் கொஞ்சம் இறங்கினாலும் அவை விடாது. இதயமும் தசையும் நரம்பும் இயங்கக் கால்சியம் வேண்டும் என்பதால், எலும்பைக் கரைத்தாவது ரத்தத்துக்குக் கொண்டுவரும். உடம்பின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பில்தான் இருக்கிறது. வருமானம் நின்றுபோன வீட்டில் நகையை ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிடுவது மாதிரிதான் இது. பல வருடம் இப்படி நடந்தால் எலும்பு வலிக்கும், லேசாக விழுந்தாலே முறியும். கரைந்து வந்த கால்சியமும் தேங்கிய பாஸ்பரஸும் ரத்தக்குழாய்ச் சுவர்களில் படிந்து அவற்றை விறைக்க வைக்கும். சிறுநீரக நோயாளிகள் பலரை டயாலிசிஸ் நிலைக்குப் போகும் முன்னாலேயே மாரடைப்பு கொண்டுபோய்விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உடம்பு அரிப்பதற்குத் தேங்கிய கழிவுகளும் பாஸ்பரஸும் சேர்ந்து காரணமாக இருக்கலாம். பாஸ்பரஸ் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கச் சொன்னதற்கு அர்த்தம் இருக்கிறது. அது குடலிலேயே உணவின் பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். வெறும் வயிற்றில் போட்டால் பிடிப்பதற்கு ஒன்றும் இருக்காது. நிறையப் பேர் எல்லா மாத்திரையையும் சேர்த்துக் காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, "பாஸ்பரஸ் குறையவே இல்லை டாக்டர்" என்பார்கள். அப்புறம் கோலா பானங்களும் பாக்கெட் தின்பண்டங்களும் வேண்டாம், அவற்றில் சேர்க்கும் பாஸ்பேட் கிட்டத்தட்ட முழுசாக உடம்பில் ஏறிவிடும்.

பிரஷருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1898இல் ஸ்டாக்ஹோமில் டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இருவர் முயலின் சிறுநீரகச் சாற்றை இன்னொரு முயலுக்குச் செலுத்தியபோது அதன் பிரஷர் ஏறியது. அந்தச் சாற்றில் இருந்த பொருளுக்கு ரெனின் என்று பெயர் வைத்தார்கள். பாதிக்கப்பட்ட சிறுநீரகம் இதைத் தாறுமாறாகச் சுரக்கும், உப்பையும் தேக்கிவைக்கும். ஏறிய பிரஷர் மிச்சமிருக்கும் நெஃப்ரான்களை நசுக்கும். டெல்மிசார்டான் இந்தச் சுழலை நடுவில் வெட்டுகிறது, ஆல்புமின் கசிவையும் குறைக்கிறது. "பிரஷர் மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆரம்பித்ததும் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறலாம், 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக நிறுத்த மாட்டோம். ஆனால் ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் கட்டாயம் பார்க்க வேண்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்து, மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள்.

சோடா மாத்திரை, அதாவது சோடியம் பைகார்பனேட், வயிற்று எரிச்சலுக்காக எழுதியது அல்ல. உடம்பில் தினமும் உருவாகும் அமிலத்தில் ஒரு பங்கை நுரையீரல் கார்பன் டை ஆக்சைடாக வெளியே விடுகிறது. மிச்சத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அதனால் முடியாதபோது நுரையீரல் வேகமாக மூச்சுவிட்டு ஈடுகட்டப் பார்க்கும். அப்பாவுக்கு மூச்சு வாங்குவதில் ரத்தசோகைக்கும் அமிலத்துக்கும் பங்கு இருக்கும். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். அவர் காலின் முன்னெலும்பில், கணுக்காலுக்குச் சற்று மேலே, கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் நீர் தேங்கியிருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தால் பரவாயில்லை என்றால், அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றே கூட்டிக்கொண்டு போங்கள்.

இன்சுலின் குறைத்தது பற்றிச் சந்தோஷப்பட வேண்டாம், பயப்படவும் வேண்டாம். உடம்பில் வேலை முடித்த இன்சுலினைச் சிதைத்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது தளர்ந்தால் ஊசியில் போட்ட இன்சுலின் நெடுநேரம் ரத்தத்தில் தங்கி, சர்க்கரையைக் கீழே இழுக்கும். நான் பார்த்த ஒரு பெரியவர் வீட்டில், "அப்பாவுக்குச் சுகர் குணமாகிவிட்டது, எண்பது தொண்ணூறுதான் இருக்கிறது" என்று மகிழ்ந்து, பழைய அளவு இன்சுலினையே போட்டுக்கொண்டு இருந்தார்கள். ஒரு நாள் விடியற்காலையில் வேர்த்துக் கொட்டி, கூப்பிட்டால் பதில் இல்லாமல் வந்து சேர்ந்தார். குளுக்கோஸ் ஏறியதும் கண் விழித்துவிட்டார். கிரியேட்டினின் பார்த்தபோது 4ஐத் தாண்டியிருந்தது. அதனால் சர்க்கரை நோயாளிக்குக் காரணமில்லாமல் சுகர் குறைய ஆரம்பித்தால், உடனே சிறுநீரகத்தைப் பாருங்கள். மெட்ஃபார்மினும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். வடிகட்டும் திறன் 30க்குக் கீழே போனால் அதை நிறுத்துவதுதான் முறை.

இப்போது இளநீர். வெயில் நேரத்தில் நமக்கெல்லாம் அமிர்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஓர் இளநீரில் இருக்கும் பொட்டாசியம் ஒரு வாழைப்பழத்தில் இருப்பதைவிட அதிகம். ரத்தத்தில் பொட்டாசியம் 3.5க்கும் 5க்கும் இடையில் இருக்க வேண்டும். ஏறினால் வெளியேற்றும் வழி முக்கியமாகச் சிறுநீரகம்தான். அப்பாவுக்கு அந்த வழி குறுகிவிட்டது, டெல்மிசார்டானும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும். 6.5ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தடம் மாறி நின்றுவிடவும் கூடும். பலருக்கு அதற்கு முன் எந்த எச்சரிக்கையும் இருப்பதில்லை. வாழைத்தண்டு கல்லுக்கு நல்லது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அப்பாவுக்கு இருப்பது கல் அல்ல, சாறாகப் பிழிந்தால் அதிலும் பொட்டாசியம்தான் சேர்ந்து இறங்கும். "சோடியம் குறைந்த உப்பு" என்று கடையில் விற்பதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள், அது அவருக்கு ஆபத்து. இந்துப்பும் பெரும்பாலும் சாதாரண சோடியம் குளோரைடுதான், பிரஷருக்கு நல்லது என்று கூடுதலாகப் போடாதீர்கள். ஸ்டார் ஃப்ரூட் கண்ணிலேயே படக் கூடாது. சிறுநீரக நோயாளிகளுக்கு விடாத விக்கலிலிருந்து வலிப்பு வரை வரவழைக்கும் பொருள் அதில் இருக்கிறது. காய்கறிகளைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளித்துக் கொடுங்கள், பொட்டாசியம் கணிசமாக இறங்கிவிடும். ருசி குறையும்தான், இஞ்சி, பூண்டு, எலுமிச்சை பிழிந்து ஈடுகட்டலாம். தண்ணீர் நாலைந்து லிட்டர் குடித்தால் சிறுநீரகம் கழுவப்படும் என்பதும் தவறு. எவ்வளவு குடிக்கலாம் என்பதை அவர் கால் வீக்கத்தையும் எடையையும் பார்த்து டாக்டர் சொல்வார்.

மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் கூடவே கூடாது. சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் நுண்குழாயை விரித்து வைத்திருக்கும் பொருளை இவை தடுத்துவிடும், 28ல் இருப்பது சட்டென்று இன்னும் இறங்கிவிடலாம். வலிக்கு டாக்டரிடம் கேட்டுப் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத பொட்டலப் பொடிகளும் வேண்டாம், யார் கொடுத்தாலும்.

இன்னொன்றை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். அப்பா வலது கைப் பழக்கமுள்ளவர் என்றால், இடது முன்கையில் இனிமேல் ரத்தம் எடுக்கவோ, டிரிப் ஊசி குத்தவோ விடாதீர்கள். என்றாவது டயாலிசிஸ் தேவைப்பட்டால் அந்தக் கையின் சிரையைத் தமனியோடு இணைத்து ஃபிஸ்டுலா போடுவார்கள். ஊசி குத்திக் குத்திக் கெட்டுப்போன சிரையில் அது பிடிக்காது. வலது கை மணிக்கட்டுக்குக் கீழே புறங்கையில் எடுத்துக்கொள்ளச் சொல்லி நீங்களே லேபில் கேட்கலாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும் இப்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

டயாலிசிஸ் என்றதும் பதற வேண்டாம். கிரியேட்டினின் இத்தனை என்பதை மட்டும் வைத்து அதைத் தொடங்குவதில்லை. விடாத வாந்தி, குழப்பம், மருந்துக்கு அடங்காத நீர்க்கோவை அல்லது பொட்டாசியம் என்று வரும்போதுதான். பிரஷரும் ஆல்புமினும் கட்டுக்குள் வந்தால் இந்த நிலையிலேயே வருடக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு. டாபாக்ளிஃப்ளோசின் என்ற மாத்திரை நோயின் வேகத்தைக் குறைக்கிறது. வடிகட்டும் திறன் 25க்கு மேல் இருக்கும்போதே அதைத் தொடங்குவது வழக்கம். அப்பாவுக்குப் பொருந்துமா என்று அடுத்த முறை தாமதிக்காமல் கேளுங்கள்.

மாற்றுச் சிறுநீரகம் பற்றியும் ஒரு வார்த்தை. 1954இல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே இரட்டையர்களுக்கிடையே வெற்றிகரமாகச் செய்தார், நம் நாட்டில் 1971இல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை, புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கம் வைத்து ரத்தக்குழாய்களை இணைப்பார்கள். ரத்தக்குழாயை அடைத்துப் பிடித்திருந்த கிளாம்பை விடுவித்ததும் வெளிறிக் கிடந்த உறுப்பு ரோஜா நிறத்துக்கு மாறும், பல நேரங்களில் சில நிமிடங்களிலேயே குழாயின் நுனியில் சிறுநீர் சொட்டத் தொடங்கும். அதன் பிறகு வரும் வாரங்களில் ஹீமோகுளோபின் தானாக ஏறும், பாஸ்பரஸ் இறங்கும், அமிலம் சரியாகும், அரிப்பு அடங்கும், ரத்த ஊசியும் சோடா மாத்திரையும் பெரும்பாலும் தேவைப்படாது. மஜ்ஜையையோ குடலையோ நுரையீரலையோ யாரும் தொடவில்லை, மாற்றியது ஓர் உறுப்பைத்தான். சித்தப்பா மறுபடி கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்த முறை போகும்போது பொட்டாசியம், சிறுநீர் ஆல்புமின் விகிதம், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பின் இருப்பு), கண்ணின் விழித்திரைப் பரிசோதனை, இதயத்துக்கு ஒரு எக்கோ ஸ்கேன் ஆகியவை செய்தாகிவிட்டனவா என்று கேளுங்கள். வீட்டில் காலையும் இரவும் பிரஷர் பார்த்து எழுதிய நோட்டையும், பயன்படுத்தும் எல்லா மருந்து அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். அப்பாவுக்குச் சர்க்கரையும் சிறுநீரக நோயும் இருப்பதால் நீங்களும் உடன்பிறந்தவர்களும் ரத்தச் சர்க்கரை, பிரஷர், சிறுநீர் ஆல்புமின் மூன்றையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள்.